மண்டபம் அவர்களுடையது, கல்யாணம் யாருடையது? பிரிட்டிஷ் சினிமா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் சினிமா என்று தனியாக ஒன்று உண்டா? ஹாலிவுட்டின் கிளைதானே அது?

இந்தச் சந்தேகம் பழையது. ஹிட்ச்காக்கை உட்காரவைத்து நாள்கணக்கில் பேட்டி எடுத்த பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ, சினிமாவுக்கும் பிரிட்டனுக்கும் ஒத்தே வராதோ என்று ஹிட்ச்காக்கிடமே கேட்டார். கேட்கப்பட்டவர் லண்டன்காரர். குறும்பான கேள்விதான், ஆனாலும் ஆங்கிலேயர்களுக்கு அது இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கிறது.

என் பதிலை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஊரிலேயே பெரிய கல்யாண மண்டபம் ஒருவருக்குச் சொந்தம். சமையல்காரர், பந்தல்காரர், நாதஸ்வரக்காரர் எல்லாரும் அவரிடமே இருக்கிறார்கள். வருடம் முழுக்க முகூர்த்தம். ஆனால் வாடகைக்கு எடுப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். அவர் வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு மட்டும் தேதி கிடைப்பதில்லை. கொல்லைப்புறத்தில் நாலு கீற்று வேய்ந்து நடத்திக்கொள்கிறார்கள். பிரிட்டனின் திரைத்தொழில் அந்த மண்டபம். பிரிட்டிஷ் சினிமா அந்தக் கொல்லைப்புறக் கல்யாணம். இரண்டும் ஒரே வளாகத்தில் நடப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

ஒரு படத்தைப் 'பிரிட்டிஷ் படம்' என்று யார் முடிவு செய்கிறார்கள்?

அரசு. மதிப்பெண் போட்டுத்தான். கதை எங்கே நடக்கிறது, பாத்திரங்கள் எந்த நாட்டவர், எந்த மொழி, எங்கே படமாக்கினார்கள், இயக்குநரும் தொழில்நுட்பக் கலைஞர்களும் யார் என்று பண்பாட்டுத் தேர்வு ஒன்று உண்டு. மொத்தம் 35 மதிப்பெண், 18 வாங்கினால் தேர்ச்சி. தேர்ச்சி பெற்றால் வரிச்சலுகை. வேறு நாடுகளுடன் கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம் வழியாக வரும் படங்களுக்குத் தனி வழி இருக்கிறது.

விளைவு விநோதமாக இருக்கும். 'கிராவிட்டி' படத்தை இயக்கிய அல்ஃபோன்சோ குவாரோன் மெக்சிகோக்காரர். பணம் அமெரிக்க ஸ்டூடியோவுடையது. கதை விண்வெளியில் தவிக்கும் அமெரிக்க வீராங்கனையுடையது. ஆனால் பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவின் 2014 விழாவில் 'சிறந்த பிரிட்டிஷ் படம்' விருதை அதுதான் வாங்கியது. லண்டனுக்கு அருகே ஷெப்பர்ட்டன் ஸ்டூடியோவில் படமாக்கி லண்டனில் கணினி வரைகலை செய்திருந்தார்கள். அன்றைக்குக் கேலி செய்யாத பத்திரிகை குறைவு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மிதக்கும் ஒளியை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் லண்டனில் வேலை பார்த்தவர்கள். மண்டபச் சமையல் உசத்தி என்பதை யார் மறுத்தார்கள்?

ஹாலிவுட் ஏன் அங்கே போய்ப் படமெடுக்கிறது?

செலவில் ஒரு பகுதி திரும்பி வருகிறது என்பதே முதல் காரணம். மொழி பிரச்சினை இல்லை என்பது இரண்டாவது. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுவார்கள்: தச்சர், வண்ணம் பூசுபவர், தையற்காரர், மின்பணியாளர் என்று மூன்று தலைமுறையாகக் கைத்தொழில் கைமாறி வந்திருக்கிறது. பைன்வுட் ஸ்டூடியோ 1936இல் திறக்கப்பட்டது. லீவ்ஸ்டனில் ஹாரி பாட்டர் படங்கள் உருவான கூடங்கள் முன்பு ரோல்ஸ் ராய்ஸின் விமான எஞ்சின் தொழிற்சாலை. இன்று அது வார்னர் பிரதர்ஸின் சொத்து. ஷெப்பர்ட்டனில் நெட்ஃபிளிக்ஸும் அமேசானும், பைன்வுட்டில் டிஸ்னியும் நீண்டகாலக் குத்தகை எடுத்திருக்கின்றன.

2024இல் பிரிட்டனில் திரைப்படங்களுக்கும் பெருஞ்செலவுத் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் செலவான தொகை சுமார் 560 கோடி பவுண்டு. அதில் மிகப் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து, முக்கியமாக அமெரிக்காவிலிருந்து வந்தது.

இந்தக் கைத்தொழில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்டான்லி குப்ரிக். நியூயார்க்கில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். வேலைக்காகக்கூட அந்த நாட்டை விட்டு நகர விரும்பாதவர். 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' (1987) படத்தில் வியட்நாமின் ஹுவே நகரம் எரிகிறதே, அது கிழக்கு லண்டனில் பெக்டன் என்ற இடத்தில் இடிக்கவிருந்த பழைய எரிவாயுத் தொழிற்சாலை. பனைமரங்களை ஸ்பெயினிலிருந்து வரவழைத்து நட்டார்கள். லண்டனின் சாம்பல் வானம் மட்டும் மாறவில்லை; உற்றுப் பார்த்தால் அந்தப் போர்க்களத்தில் வெயிலே அடிப்பதில்லை என்பது தெரியும்.

இவ்வளவு பணம் புழங்கும்போது ஏன் எப்போதும் புலம்புகிறார்கள்?

அந்தப் பணம் சின்னப் படங்களுக்கு வருவதில்லை. அவற்றின் செலவை உயர்த்துகிறது. நல்ல ஒளிப்பதிவு உதவியாளரும் ஒலிப்பதிவாளரும் பெரிய தொடரில் ஆறு மாதம் கட்டுப்பட்டிருக்கும்போது, பத்து லட்சம் பவுண்டில் படமெடுக்க வரும் புது இயக்குநருக்கு ஆள் கிடைப்பதில்லை. சின்னப் படங்களைத் தாங்கிப்பிடிப்பவை மூன்று: பிபிசியின் திரைப்படப் பிரிவு, சேனல் 4 தொலைக்காட்சியின் ஃபிலிம்4, தேசிய லாட்டரிப் பணத்தைப் பகிர்ந்து கொடுக்கும் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம். ஒரு கதைக்கு இந்த மூன்று வாசலிலும் கதவு திறக்கவில்லையென்றால் அது பெரும்பாலும் படமாவதில்லை.

2024 மார்ச் நிதிநிலை அறிக்கையில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. ஒன்றரைக் கோடி பவுண்டுக்குள் எடுக்கப்படும் சுயாதீனப் படங்களுக்குத் தகுதியுள்ள செலவில் 53 சதவீத வரிக்கழிவு என்று அறிவித்தார்கள். பெரிய படங்களுக்கு 34 சதவீதம்தான். திரைத்துறையினர் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது இது.

படம் எடுத்தபின் பார்க்க ஆள் வேண்டுமே என்பது அடுத்த கவலை. 1946இல் பிரிட்டனில் விற்ற சினிமா டிக்கெட்டுகள் 163 கோடிக்கும் மேல். 1984இல் 5.4 கோடி. பல அரங்குத் தியேட்டர்கள் வந்தபின் மீண்டு, 2019இல் 17.6 கோடிக்கு ஏறி, கோவிட்டுக்குப் பிறகு 2024இல் சுமார் 12.6 கோடியில் நின்றது. அதிலும் சின்னப் படத்துக்குக் கிடைப்பது செவ்வாய்க்கிழமை மதியக் காட்சி.

ஹிட்ச்காக் பிரிட்டிஷ் இயக்குநரா, அமெரிக்க இயக்குநரா?

லண்டன் லேட்டன்ஸ்டோனில் காய்கறிக் கடைக்காரருக்கு மகனாக 1899இல் பிறந்தவர். 1929இல் 'பிளாக்மெயில்' வழியாகப் பிரிட்டனைப் பேசும்படக் காலத்துக்குள் அழைத்துவந்தவர். 1939இல் ஹாலிவுட்டுக்குப் போனார். அதாவது முதலில் பிரிட்டிஷ், பிறகு அமெரிக்கர், கடைசிவரை லேட்டன்ஸ்டோன்காரர். அவரைத் தொடர்ந்து அதே கப்பலில் ஏறியவர்களின் வரிசை இன்னும் முடியவில்லை.

பவல், பிரஸ்பர்கர் என்று விமர்சகர்கள் உருகுகிறார்களே, அப்படி என்ன செய்தார்கள்?

மைக்கேல் பவல் கென்ட்டில் பிறந்த ஆங்கிலேயர். எமெரிக் பிரஸ்பர்கர் ஹிட்லருக்குத் தப்பி வந்த ஹங்கேரி யூதர். 'எழுத்து, தயாரிப்பு, இயக்கம்' என்று மூன்றையும் இருவர் பெயரிலும் சேர்த்தே போட்டுக்கொண்டார்கள். ஆங்கிலேய சினிமா என்றால் அடக்கம், நிதானம், தேநீர் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் திரையில் வண்ணங்களைக் கொட்டினார்கள்.

'பிளாக் நார்சிஸஸ்' (1947) பாருங்கள். இமயமலை உச்சியில் பழைய அரண்மனை ஒன்றில் மடம் அமைக்க வரும் கன்னியாஸ்திரீகளின் கதை. படக்குழு இந்தியாவுக்கே வரவில்லை. மலை, பள்ளத்தாக்கு, பனிச்சிகரம் எல்லாம் பைன்வுட்டில் கண்ணாடியில் தீட்டிய ஓவியங்களும் அரங்க அமைப்பும். தோட்டக் காட்சிகளுக்கு சசெக்ஸில் ஒரு தோட்டம். ஜாக் கார்டிஃபின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

அதில் ஒரு காட்சி. துறவு உடையைக் கழற்றிவிட்டுச் சிவப்பு உடை அணிந்திருக்கிறாள் சிஸ்டர் ரூத். எதிரே மேசையில் தலைமைச் சகோதரி குளோடா. நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. குளோடா பைபிளைத் திறக்கிறாள். ரூத் உதட்டுச்சாயத்தைத் திறக்கிறாள். உதட்டின் நெருக்கக் காட்சி, அந்தச் சிவப்பு ஏறுகிறது. அவ்வளவுதான். வசனம் எதுவும் இல்லாமல் ஒரு மடம் இடிந்து விழுவதைப் பார்த்துவிடுகிறோம்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். மைசூர்ப் பகுதியில் யானைப்பாகனின் மகனாகப் பிறந்த சாபு இதில் 'இளம் ஜெனரல்' என்ற பாத்திரமாக வருகிறார், சரி. ஆனால் மலைநாட்டுப் பெண்ணாக வருவது முகத்தில் சாயம் பூசிய ஆங்கிலேய நடிகை ஜீன் சிம்மன்ஸ். நம் கண்ணுக்கு அது உறுத்தாமல் இருக்காது.

பவலின் முடிவு சோகமானது. பெண்களைக் கொல்லும்போதே படம்பிடிக்கும் ஒருவனைப் பற்றி 1960இல் 'பீப்பிங் டாம்' எடுத்தார். லண்டன் விமர்சகர்கள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பிரிட்டனில் அவருடைய திரைவாழ்க்கை அதோடு ஏறக்குறைய முடிந்தது. பின்னாளில் அவரைத் தேடிப்போய்க் கொண்டாடியவர் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி. ஸ்கார்செஸியின் படத்தொகுப்பாளர் தெல்மா ஷூன்மேக்கரை 1984இல் பவல் மணந்துகொண்டார். சொந்த ஊர் தூக்கிப் போட்டதை அடுத்த ஊர்க்காரன் துடைத்து வைத்தான்.

பிரிட்டிஷ் இயக்குநர் டேவிட் லீன் இலங்கையில் படமெடுத்தது உண்மையா?

உண்மை. 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' (1957) படத்தின் பாலம் தாய்லாந்தில் இல்லை; இலங்கையில் கித்துல்கல என்ற ஊரில் களனி கங்கைமேல் மரத்தால் கட்டப்பட்டு, மேலே நிஜ ரயில் ஓடும்போது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஏழு ஆஸ்கர்களைத் தட்டிச்சென்ற படம். அந்தப் படப்பிடிப்பைப் பள்ளிச் சிறுவனாகப் போய் வேடிக்கை பார்த்த மட்டக்களப்புப் பையன்தான் பின்னாளில் நமக்கு பாலு மகேந்திரா ஆனார். கேமராமீது தனக்கு ஆசை விழுந்த இடம் அது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஆனால் இந்தப் படத்தை நான் முழுமனதோடு ரசிக்க முடிந்ததில்லை. இந்தப் பாலத்தின் கதை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில் பாதையின் கதை. அங்கே நேச நாட்டுப் போர்க் கைதிகள் சுமார் 12,000 பேர் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் செத்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெருந்தொகையினர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள். படத்தில் அவர்களுக்கு இடமில்லை. ஓர் ஆங்கிலேயக் கர்னலின் கௌரவப் பித்தை லீன் எவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் போட்டாலும், பாதை போட்டவர்களை விட்டுவிட்டுப் பாலத்தைப் பற்றிப் படமெடுத்திருக்கிறார்.

லீன் படத்தொகுப்பாளராகத் தொடங்கியவர். அது 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் (1962) தெரியும். லாரன்ஸ் எரியும் தீக்குச்சியை முகத்தருகே பிடித்து ஊதுகிறார். ஊதிய அந்தக் கணத்திலேயே வெட்டு; திரை முழுக்கப் பாலைவன விடியல், மெதுவாக எழும் சூரியன். படத்தொகுப்பு கற்றுக்கொடுக்கும் இடங்களில் எல்லாம் இந்த ஒற்றை வெட்டைப் போட்டுக் காட்டுகிறார்கள்.

'ரயன்ஸ் டாட்டர்' (1970) படத்துக்கு விமர்சகர்களிடம் விழுந்த அடியில் 14 ஆண்டுகள் படமே எடுக்காமல் இருந்தார். திரும்பி வந்தது 'எ பாசேஜ் டு இந்தியா' (1984). அதில் வரும் மலை ரயில் நம் நீலகிரி ரயில்தான். குகைகள், பெங்களூருக்குப் பக்கத்துப் பாறை மலைகள்.

'சமையலறைத் தொட்டி யதார்த்தம்' என்கிறார்களே, அது என்ன?

அழுக்குப் பாத்திரம் குவிந்த தொட்டி, ஒண்டுக்குடித்தனம், தொழிற்சாலைச் சங்கு, சனிக்கிழமைக் குடி. 1950களின் கடைசியிலிருந்து ஐந்தாறு ஆண்டுகள் வட இங்கிலாந்துத் தொழிலாளர் வாழ்க்கையைக் கருப்பு வெள்ளையில் காட்டிய படங்களுக்கு வைத்த பெயர். அதுவரை திரையில் தொழிலாளி என்றால் கதவைத் திறந்துவிடுபவன், இல்லையென்றால் சிரிப்பு மூட்டுபவன். 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' (1960) படத்தில்தான் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நிற்பவன் கதாநாயகன் ஆனான்.

இயக்கியவர்கள் தொழிலாளர்கள் அல்லர் என்பது வேடிக்கை. டோனி ரிச்சர்ட்சனும் லிண்ட்சே ஆண்டர்சனும் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்கள், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து சிறுவயதில் அகதியாக வந்த காரெல் ரைஸ் கேம்பிரிட்ஜில் படித்தவர். ஆண்டர்சன் பிறந்தது பெங்களூரில், ஒரு ராணுவ அதிகாரியின் மகனாக.

கென் லோச், மைக் லீ: இருவரும் ஒரே மாதிரிதானே?

வெளியே இருந்து பார்த்தால். இருவரும் சாதாரண மனிதர்களைப் பற்றிப் படமெடுக்கிறார்கள், இருவரும் தொலைக்காட்சியில் வளர்ந்தவர்கள், இருவரும் கான் விழாவில் தங்கப்பனை வாங்கியவர்கள். லீ ஒருமுறை (1996), லோச் இருமுறை (2006, 2016). ஆனால் சமைக்கும் விதம் வேறு.

லோச்சிடம் எழுதிய திரைக்கதை உண்டு. நடிகர்களிடம் முழுதாகக் கொடுக்கமாட்டார். கதை வரிசைப்படியே படமாக்கி, அன்றன்றைக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் கையில் தருவார். நாளைக்குத் தன் பாத்திரத்துக்கு என்ன நேரும் என்று நடிகருக்கே தெரியாது. நடிப்புத் தொழிலில் இல்லாதவர்களைத் தேடிப் பிடிப்பார். 'கெஸ்' (1969) படத்தில் நிலக்கரிச் சுரங்க ஊரான பார்ன்ஸ்லியில், பருந்து இனப் பறவை ஒன்றைப் பழக்கும் பில்லி என்ற பையனாக நடித்த டேவிட் பிராட்லி அந்த ஊர்ப் பள்ளி மாணவர். உடற்பயிற்சி ஆசிரியராக வந்து, நடுவரும் தானே அணித்தலைவரும் தானே என்று கால்பந்தாட்டத்தில் அட்டூழியம் செய்யும் பிரையன் குளோவர் நிஜத்தில் ஆசிரியர், அத்தோடு மல்யுத்த வீரர்.

அதில் தலைமையாசிரியர் அறைக் காட்சி ஒன்று வரும். சிகரெட் பிடித்த பையன்களோடு, வேறொரு ஆசிரியர் சொல்லியனுப்பிய செய்தியைக் கொண்டுவந்த சின்னப் பையனும் வரிசையில் நிற்கிறான். அவன் வாய் திறப்பதற்குள் அவனுக்கும் பிரம்படி விழுகிறது. அடி நிஜம். அவன் கண்ணில் வரும் நீரும் நிஜம். இன்றைக்கு எந்த இயக்குநரும் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஒரு திரைப்படச் சங்கத்தில் இதைப் பார்த்தபோது என் பக்கத்து நாற்காலிப் பெரியவர் தன் உள்ளங்கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

மைக் லீயிடம் திரைக்கதையே கிடையாது. நடிகர்களோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு பாத்திரத்தையும் பிறப்பிலிருந்து வளர்த்தெடுப்பார். பாத்திரத்துக்குத் தெரியாதது நடிகருக்கும் தெரியக்கூடாது என்பது விதி. 'வேரா டிரேக்' (2004) படத்தில் வேரா 1950இன் லண்டனில் இக்கட்டில் சிக்கிய பெண்களுக்குக் கூலி வாங்காமல் கருக்கலைத்து உதவும் எளிய பெண். ஒத்திகையில் குடும்பமாக நடித்தவர்களுக்கு அது தெரியாது. நிச்சயதார்த்த விருந்து நடந்துகொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டு, போலீஸாக நடிப்பவர்கள் உள்ளே வந்தபோதுதான் எல்லாருக்கும் விஷயம் புரிந்தது. இமெல்டா ஸ்டாண்டனின் முகம் மெல்ல மெல்ல இடிவதைப் படத்தில் பார்க்கலாம்.

லோச் சமூகத்தின்மேல் கோபப்படுகிறவர், லீ மனிதர்களைக் கண்டு வியக்கிறவர். லோச்சின் 'ஐ, டேனியல் பிளேக்' (2016) படத்தில், இலவச உணவு கொடுக்கும் இடத்தில் பசி தாங்காத இளம் தாய் ஒரு டப்பாவை அங்கேயே உடைத்துக் கையால் அள்ளி வாயில் போட்டுவிட்டு, அடுத்த நொடி வெட்கத்தில் உடைந்து அழுகிறாள். அந்தக் காட்சிக்குப் பிறகு அவரைப் 'பிரச்சாரகர்' என்று யாராவது சொன்னால் நான் வாதாடுவதில்லை.

1982இல் ஏதோ முழக்கம் எழுந்ததாமே?

'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' சிறந்த படமாகத் தேர்வாக, அதன் திரைக்கதையாசிரியர் காலின் வெல்லண்ட் ஆஸ்கர் மேடையிலேயே 'பிரிட்டிஷார் வருகிறார்கள்!' என்று முழங்கினார். அடுத்த ஆண்டு அட்டன்பரோவின் 'காந்தி' எட்டு ஆஸ்கர் வாங்கியது. வந்துவிட்டார்கள் என்றே எல்லாரும் நம்பினார்கள்.

வரவில்லை. அந்த அலையின் முகமாக இருந்த கோல்ட்கிரெஸ்ட் நிறுவனம் ஒரே சமயத்தில் மூன்று பெரிய படங்களில் பணத்தைப் போட்டுச் சில ஆண்டுகளில் சரிந்தது. 1985இல் தாட்சர் அரசு 'ஈடி வரி'யை ஒழித்தது. ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் ஒரு பங்கைப் பிடித்துத் தயாரிப்பாளர்களுக்கே திருப்பிக் கொடுத்த ஏற்பாடு அது.

காப்பாற்றியது தொலைக்காட்சி. 1982 நவம்பரில் தொடங்கிய சேனல் 4 சின்னப் படங்களுக்குப் பணம் கொடுத்தது. தொலைக்காட்சிக்கென்று 16 மி.மீ. ஃபிலிமில் ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் எடுத்த 'மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட்' (1985) எடின்பரோ விழாவில் பாராட்டுப் பெற்றுத் தியேட்டருக்கு வந்தது. ஹனிஃப் குரேஷி எழுதிய கதை: பாகிஸ்தானியப் பையன், வெள்ளைக்காரக் காதலன், ஒரு சலவைக்கடை. ஆஸ்கர் மேடை முழக்கத்தைவிட இந்தச் சலவைக்கடை நீண்டநாள் தாங்கியது.

அரசு உருப்படியாக ஏதாவது செய்ததா?

செய்தது, பிறகு கலைத்தது. 2000இல் தொடங்கிய பிரிட்டன் திரைப்பட மன்றம் 'த கிங்ஸ் ஸ்பீச்' படத்துக்குப் பத்து லட்சம் பவுண்டு கொடுத்தது. 2010 ஜூலையில் மன்றத்தை மூடப்போவதாக அரசு அறிவித்தது. 2011 பிப்ரவரியில் அந்தப் படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. ஒரு மாதம் கழித்து மன்றம் மூடப்பட்டது.

பெண் இயக்குநர்களில் யாரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

ஆண்ட்ரியா அர்னால்டு, லின் ராம்சே. கூடவே சாலி பாட்டர், ஜோன்னா ஹாக், 'ஆஃப்டர்சன்' (2022) எடுத்த ஷார்லட் வெல்ஸ்.

அர்னால்டின் 'ஃபிஷ் டேங்க்' (2009) கதாநாயகி கேட்டி ஜார்விஸ் அதற்குமுன் நடித்ததே இல்லை. ரயில் நிலையத்தில் காதலனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டவர். கிளாஸ்கோக்காரரான ராம்சேயின் 'ராட்கேட்சர்' (1999) 1973இன் குப்பை அள்ளுபவர்கள் வேலைநிறுத்தக் காலத்தில் நடக்கிறது. தெருவெல்லாம் மூட்டை மூட்டையாகக் குப்பை, எலி. அந்தப் பையன் ஒருநாள் பஸ் ஏறி ஊர்க்கோடிக்குப் போகிறான். அங்கே பாதி கட்டிய வீடு. கண்ணாடி பதிக்காத சன்னல். சன்னலுக்கு அப்பால் பொன்னிறமாக விளைந்த வயல். படச்சட்டம்போல் இருக்கும் அந்தச் சன்னல் வழியே குதித்து வயலுக்குள் ஓடுகிறான். ராம்சே அதிகம் படமெடுக்காதவர், அதனால் ஒவ்வொன்றுக்கும் காத்திருக்கப் பழகிவிட்டோம்.

கிறிஸ்டபர் நோலன்?

பிறந்தது லண்டன். முதல் படம் 'ஃபாலோயிங்' (1998), வார இறுதிகளில் நண்பர்களை வைத்துச் சில ஆயிரம் பவுண்டில் எடுத்தது. 'ஓப்பன்ஹைமர்' ஏழு ஆஸ்கர் வாங்கியது. மண்டபத்தில் பிறந்து மாப்பிள்ளை வீட்டோடு போனவர்.

ஜேம்ஸ் பாண்டாவது இன்னும் பிரிட்டிஷா?

1962 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த பாண்ட் படங்களின் கலைப் பொறுப்பு 2025 பிப்ரவரியில் அமேசான் எம்ஜிஎம் கைக்குப் போனது. அடுத்த படத்தை இயக்கப்போவது டெனி வில்னேவ் என்ற கனடாக்காரர். பணம் முதல் படத்திலிருந்தே அமெரிக்காவுடையதுதான் என்பதால் நான் கண்ணீர் விடவில்லை.

இப்போது இருப்பவர்களில் யார் பெரிய ஆள்?

இரண்டு பேர் என்பேன். ஒருவர் ஸ்டீவ் மெக்வீன். ஓவியம், காணொளிக் கலை வழியாக வந்து 1999இல் பிரிட்டனின் புகழ்பெற்ற கலைப் பரிசான டர்னர் பரிசு வாங்கியவர். முதல் படமான 'ஹங்கர்' (2008) படத்தில் வட அயர்லாந்துச் சிறையில் உண்ணாவிரதம் தொடங்கப்போகும் பாபி சாண்ட்ஸும் ஒரு பாதிரியாரும் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து பேசுகிறார்கள். கேமரா அசையாமல் பதினேழு நிமிடம் ஒரே காட்சி. பிறகு '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' (2013) மூலம், சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்ற படத்தை இயக்கிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். ஆனாலும் பிபிசிக்காக லண்டனின் மேற்கிந்தியச் சமூகத்தைப் பற்றி அவர் எடுத்த ஐந்து படங்களின் வரிசையான 'ஸ்மால் ஆக்ஸ்' (2020) எனக்கு அதைவிடப் பெரிது.

இன்னொருவர் ஜோனதன் கிளேசர். 'த ஸோன் ஆஃப் இன்ட்ரெஸ்ட்' (2023) ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் தளபதி மதிலுக்கு இந்தப் பக்கம் குடும்பத்தோடு வாழ்ந்த வீட்டைக் காட்டுகிறது. அறைகளில் கேமராக்களைப் பொருத்திவிட்டுப் படக்குழு வெளியேறிவிட்டது; நடிகர்கள் தனியாக நடமாடினார்கள். முகாமின் உட்புறக் கொடுமையை அவர் நடித்துக் காட்டவே இல்லை. தோட்டத்தில் பூக்கள், குழந்தைகள் குளிக்கும் தொட்டி. மதிலுக்கு அப்பாலிருந்து சத்தம் மட்டும் வருகிறது. பத்து நிமிடத்தில் நம் காது பழகிவிடுகிறது. பழகிவிட்டதே என்று திடுக்கிடும் இடத்தில்தான் படம் நம்மைப் பிடிக்கிறது.

அந்தப் படம் ஜெர்மன் மொழியில்தானே இருக்கிறது? அது எப்படி பிரிட்டிஷ் படம்?

நல்ல கேள்வி. இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான்.

பிற மொழிப் படத்துக்கான ஆஸ்கரைப் பிரிட்டன் முதன்முதலில் வாங்கியது இந்தப் படத்துக்காகத்தான். அதற்குமுன் 'ஹெத் வின்', 'சாலமன் அண்ட் கேனோர்' என்ற வேல்ஸ் நாட்டுப் படங்கள் பரிந்துரை வரை போயிருந்தன. 2000களின் தொடக்கத்தில் ஆசிஃப் கபாடியா ராஜஸ்தானிலும் இமயத்திலும் இந்தியில் எடுத்த 'த வாரியர்' படத்தைப் பிரிட்டன் அனுப்பியபோது, இந்தி பிரிட்டனின் மொழி அல்ல என்று சொல்லி ஆஸ்கர் அகாதமி தள்ளிவிட்டது. விதி பின்னர் மாறியது. 2024இல் பிரிட்டன் அனுப்பியது சந்தியா சூரியின் 'சந்தோஷ்': வட இந்தியாவில் கணவனின் போலீஸ் வேலைக்கு வரும் விதவைப் பெண்ணின் கதை, முழுக்க இந்தி. முதல்கட்டத் தேர்வுப் பட்டியலில் இடம்பிடித்தது. இந்தியாவில் தணிக்கை வாரியம் கேட்ட வெட்டுகளால் வெளியாக முடியாமல் போனது.

இதில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. பிரான்ஸ், கொரியா, நம் தமிழ்நாடு எல்லாவற்றுக்கும் சொந்த மொழி ஒரு வேலியாக நிற்கிறது. பிரிட்டிஷ் சினிமாவுக்கு அந்த வேலி இல்லை. ஹாலிவுட் பேசுவதும் அதே மொழி. பேர் வாங்கிய நடிகர், இயக்குநர், கதை எல்லாமே அந்தத் திறந்த பக்கம் வழியாகப் போய்விடும். ஆங்கிலத்தை விட்டு ஜெர்மனிலும் இந்தியிலும் எடுக்கும்போதும், லண்டன்காரருக்கே புரியாத பார்ன்ஸ்லி, கிளாஸ்கோ வட்டார வழக்கில் எடுக்கும்போதும்தான் அது யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாததாக இருக்கிறது.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

வரலாற்று வரிசையில் போகாதீர்கள், தூக்கம் வரும். முதலில் 'கெஸ்'. பிறகு கண்ணுக்கு விருந்தாக 'பிளாக் நார்சிஸஸ்'. சிரிக்க வேண்டும் என்றால் ஈலிங் ஸ்டூடியோவின் 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்' (1949). ஒரு பட்டத்துக்காக ஒரு குடும்பத்தையே வரிசையாகக் கொல்லும் கதை, கொல்லப்படுபவர்கள் எல்லாரும் அலெக் கின்னஸ். மழை பெய்யும் இரவில் கேரல் ரீடின் 'த தர்ட் மேன்' (1949). பிறகு மைக் லீயின் 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்', 'ராட்கேட்சர்', 'த ஸோன் ஆஃப் இன்ட்ரெஸ்ட்'. கடைசிப் படத்தை நல்ல ஹெட்ஃபோனில் பாருங்கள், கைப்பேசியில் வேண்டாம்.

'கெஸ்' படத்துக்கு ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளத் தயங்க வேண்டாம். யார்க்‌ஷர் பேச்சு அது, அமெரிக்க வெளியீட்டுக்காகச் சில வசனங்களை மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்த படம்.